பதினொன்றாவது கட்டம்

ஜனவரி 9

தம்பிக்கு,

உன் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தது தப்புதான். அதற்கு மட்டும் மன்னிப்பு. நீ சொன்னதைக் கேட்டுக் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கிடையாது.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் இருவரும் கத்துகிறோம், மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். நேற்று உன் மனைவி உன்னிடமிருந்து போனைப் பிடுங்கி, "அண்ணி, இனிமே நீங்க ரெண்டு பேரும் கடிதம் எழுதிக்குங்க. எழுதும்போதாவது கொஞ்சம் மூச்சு விடுவீங்க" என்றாள். தமிழாசிரியை சொன்னால் தட்ட முடியுமா. எழுதுகிறேன்.

நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "உயிரியல்ல பாதி, கம்ப்யூட்டர்ல பாதி, இப்போ கவர்ன்மென்ட்ல பாதி. மூணு பாதி சேர்ந்தா ஒரு முழுசு ஆகாதுக்கா." மூன்று பாதி சேர்ந்தால் ஒன்றரை. உனக்குக் கணக்கு எப்போதும் இடிக்கும்.

ஆனால் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அதையே நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் உண்டு. ஆறு வருடம் மைக்ராஸ்கோப்பில் ஈயின் இறக்கையைப் பார்த்து நரம்பு எண்ணினேன். கண் வலி தாங்காமல், எண்ணுவதற்கு ஒரு நிரல் எழுதப் பழகினேன். நிரல் நன்றாக வந்ததால் கணினித் துறையில் கூப்பிட்டார்கள். அங்கே என்னை "ஈ மேடம்" என்பார்கள். பழைய ஆய்வகத்துக்குப் போனால் "வாங்க கம்ப்யூட்டர்" என்பார்கள். இரண்டு வீட்டிலும் விருந்தாளி, எங்கும் சொந்த நாற்காலி இல்லை.

இப்போது அமைச்சகத்தில் ஐந்தாவது மாடி. கோப்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி, அதற்குப் பின்னால் உள்ளதை அறை என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் இன்னும் "தட்டச்சுப் பிரிவு" என்றே பலகை தொங்குகிறது. காலையிலிருந்து மூன்று பேர் மனு தட்டச்சுச் செய்து கொடுக்கச் சொல்லி வந்துவிட்டார்கள். ஒருவருக்குச் செய்தும் கொடுத்தேன்.

வேலை என்னவென்று நீ அன்று கேட்கவே இல்லை. சொல்கிறேன். காய்ச்சல் வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகப் பத்து நாள் ஆகும். அவன் உடம்பிலிருக்கும் கிருமி கழிவறை வழியாக அடுத்த நாளே நீ வேலை பார்க்கும் கழிவுநீர் நிலையத்துக்கு வந்துவிடும். ஊரின் சாக்கடைக்கு ஊரைவிட முன்னால் விஷயம் தெரியும். வாரம் ஒரு முறை அந்தத் தண்ணீரைப் பரிசோதித்து, எங்கே நோய் கூடுகிறது என்று கணித்து, அதை வைத்து நாடு முழுக்க ஒரு விதிமுறை எழுத வேண்டும். முதலில் பன்னிரண்டு கழிவுநீர் நிலையங்களில் சோதனை ஓட்டம். பட்டியலில் ஏழாவது உன் நிலையம். நான் சேர்க்கவில்லை, சீட்டுக் குலுக்கியதில் வந்தது. சத்தியமாக.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா

---

ஜனவரி 23

அக்காவுக்கு,

நான் சொன்னது தப்பில்லை. சொன்ன நேரம் தப்பு. சாப்பிடும்போது சொல்லியிருக்கக் கூடாது.

உன் படிவம் வந்து சேர்ந்தது. பத்தொன்பது கட்டம். பிறந்த ஜாதகத்துக்கே பன்னிரண்டு கட்டம்தான். கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு வேறு: "முழுமை பெறாத படிவங்கள் திருப்பி அனுப்பப்படும்." யார் எழுதியதோ, அவர் ஒரு நாளாவது கழிவுநீர் நிலையத்தில் நின்றிருக்க மாட்டார் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள்.

தண்ணீர் எடுப்பது யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் ஓர் அம்மா இருக்கிறார். எல்லோருக்கும் வாளியக்கா. பதினாறு வருடமாகக் கயிற்றில் வாளி கட்டி நுழைவுத் தொட்டியில் இறக்கித் தண்ணீர் எடுப்பவர். காலை ஆறரைக்கு எடுப்பார். எட்டு மணிக்கு ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவார். உன் ஆய்வகம் அனுப்பிய பளபளப்பான எஃகுக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தண்ணி மொள்ளவா, இல்ல கல்யாணத்துக்குப் பரிசா குடுக்கவா?" என்றார். ஆனால் அதில்தான் எடுக்கிறார். நுணுக்கமாக எடுக்கிறார். அவர் ஒரு நாளும் பாட்டிலை வெயிலில் வைத்ததில்லை.

கட்டங்களை நான் நிரப்புகிறேன். கையெழுத்தும் நான்.

வீட்டில் இவள் இந்தக் கடிதத்தில் நான்கு சந்திப்பிழை கண்டுபிடித்தாள். "திருத்தி எழுதுங்க, உங்க அக்கா சிரிப்பாங்க" என்கிறாள். அப்படியே விட்டிருக்கிறேன். சிரித்துக்கொள்.

தம்பி

---

பிப்ரவரி 16

தம்பிக்கு,

சிரித்தேன். ஐந்து பிழை. உன் மனைவி ஒன்றை உனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

என் வேலை எப்படி என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். போன திங்கட்கிழமை கூட்டம். ஆய்வகத்து டாக்டர், "மாதிரி கெட்டுப்போச்சு" என்றார். அவர் சொன்னது பாட்டிலில் இருக்கும் தண்ணீரை. நிரல் எழுதும் பிள்ளைகள் முகம் வெளுத்துவிட்டது. அவர்களுக்கு மாதிரி என்றால் கணினிக்குள் ஓடும் கணிப்பு. செயலாளர் நிமிர்ந்து, "அதான் போன வாரமே புது மாதிரி அனுப்பிட்டோமே" என்றார். அவருக்கு மாதிரி என்றால் மாதிரிப் படிவம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பேர் இருபது நிமிடம் சண்டை போட்டார்கள். மூவரும் பேசுவது மூன்று விஷயம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

சொன்னேன். டாக்டர்தான் முதலில் சிரித்தார்.

வெளியே வரும்போது எனக்கு ஒரு நிம்மதி. இத்தனை வருடம் எந்த வீட்டிலும் நாற்காலி இல்லை என்று குறைப்பட்டேன். வாசலில் நின்றால்தான் இரண்டு பக்கமும் காது கேட்கும் போலிருக்கிறது.

முதல் முடிவுகள் அடுத்த மாதம் வரும். தண்ணீரில் கிருமியின் அடர்த்தி எவ்வளவு, அன்று மொத்தம் எவ்வளவு தண்ணீர் வந்தது, இரண்டையும் பெருக்கி அந்தப் பகுதி மக்கள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு இவ்வளவு என்று வரும். அதை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுவோம். ஒத்திகைக்கு ஏதோ எண்களைக் கொடுத்து முதல் முறை அது திரையில் வண்ணமாக எழுந்தபோது நான் இருக்கையில் உட்காரவில்லை. நாற்பத்தேழு வயதில் ஒரு படத்தைப் பார்த்து நடக்கிறேன், திரும்பி வந்து மறுபடி பார்க்கிறேன். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல.

வாளியக்காவுக்கு என் வணக்கம் சொல்.

அக்கா

---

மார்ச் 21

அக்காவுக்கு,

உன் வண்ணப்படம் பேப்பரில் வந்திருக்கிறது. மூன்றாம் பக்கம், முக்கால் பக்கத்துக்கு. பன்னிரண்டு இடத்தில் ஒன்றே ஒன்று சிவப்பு. எங்கள் இடம். "டைபாய்டின் ஊற்று" என்று தலைப்பு. மேட்டுத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பின் பெயரையும் போட்டுவிட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். பேப்பர் வந்த அன்று மினிபஸ் அந்த நிறுத்தத்தில் நிற்கவில்லை. கை காட்டியவர்களைப் பார்த்தும் ஓட்டிக்கொண்டு போனான். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இவள் வேலை பார்க்கும் பள்ளிதான். இவள் போய்ச் சத்தம் போட்ட பிறகு மாற்றினார்கள்.

வாளியக்கா வீடும் அங்கேதான். எட்டு மணிக்குக் குழந்தை பார்க்கப் போனவரை வாசலிலேயே நிறுத்தி, "கொஞ்ச நாள் வேணாம்" என்றிருக்கிறார்கள். ஒன்பது மாதமாகத் தூக்கி வளர்த்த குழந்தை உள்ளே அழுகிற சத்தம் கேட்டதாம். என்னிடம் வந்து கேட்டார்: "தண்ணிய எடுத்துக் குடுத்தது நானு. அதுல என்ன இருந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஊருக்கே சொல்லிட்டாங்களே, ஏன் சார்?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

நீ என் அக்கா என்று இங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

தம்பி

---

மார்ச் 26

தம்பிக்கு,

பத்திரிகைக்குக் கொடுத்தது நான் இல்லை. செயலகத்திலிருந்து போயிருக்கிறது. எனக்கும் காலையில் பேப்பர் பார்த்துத்தான் தெரியும்.

பஸ் நிற்காததும் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்ததும் அநியாயம். மறுக்கவில்லை. ஆனால் எண் எண்தான். என் நிரலை மூன்று பேர் தனித்தனியாகச் சரிபார்த்திருக்கிறார்கள். உன் பகுதியில் ஆளுக்கு வரும் அளவு மற்ற இடங்களைப் போல இரண்டு பங்கு இருக்கிறது. உண்மை கசக்கிறது என்பதற்காக அதை இனிப்பாக எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கூடியிருக்கிறதா என்று உன்னால் விசாரிக்க முடியுமா? கூடியிருந்தால் நான் சொன்னது சரி. அப்போது கோபத்தை விட்டு, மருந்து போய்ச் சேரும் வழியைப் பார்ப்போம்.

என்னை அக்கா என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தால் சொல்ல வேண்டாம்.

அக்கா

---

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

இதை இவள் படிக்கவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

மருத்துவ மனைக்குப் போனேன். வெளிநோயாளிப் பிரிவு நர்ஸ் பதிவேட்டைத் திறந்து காட்டினார். டைபாய்டு போன வருடம் இதே மாதத்தில் பதினொன்று, இந்த வருடம் பத்து. "யாரு சார் அந்தப் படத்தைப் போட்டது? ஒரு வாரமா பயத்துல வர்றவங்களுக்குத் தண்ணி குடுத்து உக்கார வைக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு" என்றார்.

உன் எண் தப்பு என்று சந்தோஷமாக நிலையத்துக்குத் திரும்பினேன். உனக்குக் காரசாரமாக எழுத வேண்டும் என்று எங்களிடம் இருந்த படிவ நகல்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். பதினொன்றாவது கட்டம். "நேற்று வந்த நீரின் மொத்த அளவு."

எல்லாப் படிவத்திலும் ஒரே எண். நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

அக்கா, மீட்டர் போன செப்டம்பர் மழையில் நின்றுவிட்டது. முள் அந்த எண்ணிலேயே ஒட்டிக்கொண்டது. மழைக்கால அளவு அது. இந்த வெயிலில் அதில் பாதிகூட வராது. புது மீட்டர் வேண்டும் என்று மூன்று முறை எழுதிப் போட்டேன். கிணற்றில் போட்ட கல். முள் எதைக் காட்டுகிறதோ அதையே தினமும் பதிவேட்டில் எழுதினோம். அதையே உன் படிவத்திலும் எழுதினேன். காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று போட்டிருந்தது. வாளியக்கா எடுத்த தண்ணீர் அவ்வளவு சுத்தமாக வந்து சேர்ந்தும் ஒரு படிவத்துக்காக நிராகரித்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அது ஒரு சாக்கு என்றும் எனக்குத் தெரியும்.

பாதித் தண்ணீரை முழுத் தண்ணீர் என்று எழுதினால் நோய் இரண்டு பங்காகத்தானே தெரியும். உனக்குக் கணக்கு இடிக்கவில்லை. எனக்குத்தான்.

வாளியக்கா என்னைத் தினமும் காலையில் பார்த்து "வணக்கம் சார்" என்கிறார். அவர் வேலை போனது என் கையெழுத்தால். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு. என் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

தம்பி

---

ஏப்ரல் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பிறகு மடித்து என் பைக்குள் வைத்தேன். அது அங்கேயே இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. காட்டத் தேவைப்படவும் இல்லை. அதைத்தான் முதலில் உனக்குச் சொல்ல வேண்டும்.

போன வருடத்துப் பதிவுகளையும் சேர்த்துத்தான் பன்னிரண்டு நிலையத்திலிருந்தும் வாங்கியிருந்தோம். உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எந்த எண் அசையாமல் நிற்கிறது? உன் நிலையத்தில் இருநூறு நாளுக்கு மேல். உன்னைப் போல இன்னும் நான்கு நிலையம். ஒன்றில் ஒரு வருடமாக "30" என்றே இருக்கிறது. பன்னிரண்டில் ஐந்து. மற்ற நான்கிலும் மீட்டர் வெயில்காலத்தில் நின்றதால் எண் குறைவாகத் தெரிந்து பச்சையாகிவிட்டது. நோய் இருந்தாலும் நமக்குத் தெரிந்திருக்காது. அது இன்னும் பயங்கரம்.

என் நிரல் எதையெல்லாம் சோதிக்கும் தெரியுமா? கட்டம் காலியாக இருந்தால் கத்தும். எழுத்து இருந்தால் கத்தும். எண் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் கத்தும். ஒரே எண் தினமும் வந்து சாதுவாக உட்கார்ந்தால் "வாங்க, உட்காருங்க" என்று வரவேற்கும். ஈக்களோடு வேலை பார்த்தபோது, தொடர்ந்து இரண்டு ஈக்கு ஒரே நீளத்தில் இறக்கை வந்தாலே "அளவுகோலைப் பாரு" என்பேன். உயிருள்ள எதுவும் இரண்டு நாள் ஒரே அளவில் இருக்காது. அந்தப் புத்தியை அமைச்சகத்து வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

வியாழக்கிழமை செயலாளரைப் பார்த்தேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடுத்த மாசப் படத்துல அந்த இடம் மஞ்சளா வந்துடும்ல?"

"வந்துடும் சார். மத்த இடம் மாதிரிதான்."

"அப்புறம் என்ன மேடம். தானா சரியாயிடும். நாமளே போய் ஏன் சொல்லிக்கணும்?"

"மஞ்சளை யாரும் பாக்க மாட்டாங்க சார். சிவப்பைப் பாத்தவங்க எல்லாரும் பாக்கணும். அங்க ஒரு அம்மாவை வாசல்லயே நிறுத்தி வேலையை விட்டு அனுப்பியிருக்காங்க. அதே பேப்பர்ல, அதே பக்கத்துல, அதே அளவுல வரணும்."

"நிலையத்துக்காரங்க பொய் எண் எழுதியிருக்காங்க. அதைச் சொல்லலாம்."

பையில் உன் கடிதம். ஆனால் நான் சொன்னது உன்னைக் காப்பாற்ற இல்லை, தம்பி. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"காலியா விட நாம இடமே குடுக்கல சார். காலியா விட்டா திருப்பி அனுப்புவோம்னு அடிக்குறிப்பு போட்டிருக்கோம். அதை எழுதினது நான்தான். மீட்டர்னா நிக்கத்தான் செய்யும். நின்னுச்சான்னு சந்தேகப்படுறது என் வேலை. நான் படல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, "இந்தப் பிரிவுக்கு இயக்குநர்னு உங்க பேர்தான் மேல போயிருக்கு. இந்த நேரத்துல இது வேணுமான்னு யோசிச்சுக்குங்க" என்றார். மிரட்டலாக இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

"யோசிச்சுட்டேன் சார். நம்ம பிழையை நாமளே சொல்லலேன்னா, நாளைக்கு நிஜமாவே சிவப்பு வரும்போது ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

கோப்பில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் தட்டச்சுப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து இன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச்சில் எழுதிய கடிதத்தின் கடைசி வரி வேண்டாத வரி. அதைக் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா

---

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

கிழித்தேன்.

திருத்தம் வந்துவிட்டது. மூன்றாம் பக்கம், முக்கால் பக்கம். இவள் பத்துப் பிரதி வாங்கி ஒன்றைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். ஒன்றை மினிபஸ் டிரைவர் கையில் கொடுத்து, அங்கேயே நின்று சத்தமாகப் படிக்க வைத்தாள். அவன் இப்போது அந்த நிறுத்தத்தில் ஆள் இல்லாவிட்டாலும் நின்றுவிட்டுப் போகிறான் என்று கேள்வி.

நீ உன் பிழையைச் சொன்ன பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் தலைமைப் பொறியாளரிடம் நானே போய் மீட்டர் விஷயத்தைச் சொன்னேன். விளக்கம் கேட்டு எழுதினார்கள், விளக்கம் கொடுத்தேன். எச்சரிக்கை, பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளி. இவள், "போகட்டும், இப்ப இருக்கிற பதவிக்கே வீட்டுல ஆளைப் பாக்க முடியல" என்றுவிட்டாள். புது மீட்டர் ஒன்பதே நாளில் வந்தது. மூன்று கடிதத்துக்கு அசையாதது ஒரு குற்றத்துக்கு அசைந்தது.

வாளியக்காவிடமும் சொன்னேன். தொட்டி மேட்டில் நின்று சொன்னேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டார். கடைசியில், "மீட்டர் நின்னது எனக்கும் தெரியும் சார். தண்ணி தொட்டியில எந்தக் கல்லு வரைக்கும் ஏறுதுன்னு நான் தினமும் பாக்கறேன்ல. எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.

பதினாறு வருடமாக யாரும் கேட்கவில்லை, அக்கா. நானும்தான்.

அந்த வீட்டில் திரும்பக் கூப்பிட்டார்களாம். போகவில்லை. மன்னித்துவிட்டாராம், ஆனால் அந்த வாசலில் நிற்க மனமில்லையாம். குழந்தையை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தார்.

நீ என் அக்கா என்று நிலையத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். "அதான் சார் பாத்தேன், ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்" என்றார் வாளியக்கா.

தம்பி

---

ஜூன் 18

தம்பிக்கு,

விதிமுறை கையெழுத்தாகிவிட்டது. இயக்குநர் பதவி நிதித்துறையிலிருந்து வந்த ஒருவருக்கு. நல்ல மனிதர். முதல் நாளே, "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நீங்க சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். இப்படி ஓர் இயக்குநர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எனக்குக் கூட்டங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. ஆலோசகர் என்ற பெயரில் நாற்பது நிலையங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன். ஒரு நாளாவது கழிவுநீர் நிலையத்தில் நின்றிருக்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள் சொன்னது நியாயம்தான்.

விதிமுறையில் மூன்று இடம் நான் வாதாடி வாங்கியது. ஒன்று, எந்தக் குடியிருப்பின் பெயரும் வெளியே போகாது. இரண்டு, எண் ஏறினால் முதலில் அந்தப் பகுதி நர்ஸுக்கும் குடிநீர் அலுவலகத்துக்கும் செய்தி போகும், பேப்பருக்கு இல்லை. மூன்றாவது உன் வாளியக்கா சொன்னதிலிருந்து வந்தது. படிவத்தில் எந்தக் கட்டத்தையும் "தெரியவில்லை" என்று விடலாம். கீழே நான்கு வரி காலியிடம். தண்ணீர் எடுப்பவர் அன்று கண்டதை அவர் மொழியில் எழுதலாம். செயலாளர், "நாலு வரியில என்னத்த எழுதப் போறாங்க?" என்றார். "தெரியாது சார், அதுக்குத்தான் காலியா விட்டிருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நேற்று ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். அறிமுகம் செய்தவர் என்னை உயிரியலாளர் என்பதா, கணினி வல்லுநர் என்பதா, கொள்கை ஆலோசகர் என்பதா என்று திணறி, மூன்றையும் படித்துவிட்டு மூச்சு வாங்கினார். முன்பென்றால் கூசிப்போயிருப்பேன். நேற்று அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

மூன்று வாரமாகத் தினமும் போனில் பேசியும் நாம் ஒரு முறைகூடச் சண்டை போடவில்லை. சண்டைக்கு நேரம் இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

இங்கே நான் பார்த்தது திரையில் ஒரு கோடு மட்டும். ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு இறங்கியது. அந்தக் கோட்டுக்கு அடியில் தெருவில் என்ன நடந்தது என்று போனில் நீ துண்டு துண்டாகச் சொன்னாய். இப்போது உட்கார்ந்து முழுசாக எழுது. அடுத்த மாதம் மற்ற நிலையங்களில் இதைச் சொல்ல வேண்டும். அது ஒரு காரணம். எனக்கே தெரிய வேண்டும். அதுதான் முதல் காரணம்.

அக்கா

---

செப்டம்பர் 7

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை. இவள் விடைத்தாள் திருத்துகிறாள், நான் எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் நான்காம் தேதி காலை. வாளியக்கா பாட்டிலை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "சார், மழை இல்ல. ஆனா தண்ணி ரெண்டு கல்லு மேல ஏறியிருக்கு. கலங்கலாவும் இல்ல, தெளிவா வருது. சாக்கடைத் தண்ணி தெளிஞ்சு வந்தா அது நல்லதுக்கு இல்ல." மீட்டரைப் பார்த்தேன், அதுவும் ஏறியிருந்தது. அவர் சொன்னதை அப்படியே நான்கு வரிக்குள் எழுதினேன். "நல்லதுக்கு இல்ல" என்பதையும் எழுதினேன்.

அடுத்த வாரத் தண்ணீரில் கிருமி கூடியிருக்கிறது என்று நீ போன் செய்தாய். அந்த நான்கு வரியை நீ வாசித்துக் காட்டி, "குடிநீர்க் குழாய் எங்கேயோ உடைஞ்சு சாக்கடைக்குள்ள ஊத்துது. குழாயில தண்ணி நிக்கும்போது சாக்கடை அதுக்குள்ள ஏறும். கண்டுபிடி" என்றாய். அப்போது உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா? சின்ன வயதில் பூச்சி பிடிக்கப் போகலாம் என்று எழுப்புவாயே, அப்படி.

நானும் வாளியக்காவும் நடந்தோம். ஒவ்வொரு சாக்கடை மூடியாகத் திறந்து பார்த்தோம். பதினேழாவது மூடிக்குள் தெளிந்த தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேட்டுத் தெருவிலேயே, பெரிய வீடுகள் இருக்கும் பக்கம். வாளியக்காவைத் திருப்பி அனுப்பிய வீடு அதிலிருந்து மூன்றாவது. அவர் அதைப் பார்த்தார். "சீக்கிரம் ஆளைக் கூப்பிடுங்க சார், கைக்குழந்தை இருக்கிற தெரு" என்றார்.

குழாயை அன்று மதியமே மூடினார்கள். லாரியில் தண்ணீர். நர்ஸும் நான்கு பேரும் வீடு வீடாகப் போய்க் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். நானும் போனேன். ஒரு பெரியவர், "பேப்பர்ல ஒண்ணும் போடலையே?" என்று சந்தேகப்பட்டார். "பேப்பர்க்காரங்க குடிக்கல, நீங்கதான் குடிக்கிறீங்க, அதான் உங்ககிட்ட முதல்ல சொல்றோம்" என்றார் நர்ஸ். மனிதர் மறு பேச்சில்லாமல் அடுப்படிக்குப் போனார்.

ஏழு பேருக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்திருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்று நீ ஓர் எண் சொன்னாய். அதை நான் இங்கே எழுதவில்லை. வராத எண்ணை எதற்கு எழுத.

நேற்று மருத்துவமனைப் பக்கம் போனேன். நர்ஸ் மேசையில் பதிவேடு மூடிக்கிடந்தது. "இன்னிக்கு ஆளே இல்ல சார். நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். சும்மா என்றேன். நிஜமாகவே சும்மாதான் போனேன். ஒன்றும் நடக்காததைப் பார்க்கப் போனேன்.

திரும்பும்போது மேட்டுத் தெரு வழியாக நடந்தேன். புதுக் குழாய் போட்ட இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு வீட்டுப் பெண் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என் சட்டையில் நிலையத்து முத்திரையைப் பார்த்து, "இன்னும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்மா. நேத்தோட முடிஞ்சுது. அப்படியே குடிக்கலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு டம்ளரைக் கழுவிக் குழாயில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

நின்று, முழுசாகக் குடித்தேன். அவரும் பிடித்துக் குடித்தார்.

தம்பி